ரெடி ஃபோல்டர்

ரெடி ஃபோல்டரில் போட்டோமா, வெளியே போட்டோமா என்ற ஒரே கேள்வி மத்தியானத்திலிருந்து சங்கரேஸ்வரியை உட்காரவும் விடவில்லை, எழுந்திருக்கவும் விடவில்லை. மதுரையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், ஐசியூ கதவுக்கு எதிரே, ஒன்றோடொன்று சேர்த்து முடுக்கிய இரும்பு நாற்காலிகளில் அவளும் அம்மாவும் இருந்தார்கள். ஒருத்தர் அசைந்தால் வரிசையே அசையும். கோடியில் இருந்த வாடிப்பட்டிக்காரர் காலை ஆட்டிக்கொண்டே இருந்ததில் எல்லோரும் லேசாக ஆடிக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா. தொண்டைக்குள் குழாய் இறக்கி நாலு நாள் ஆகிறது. மெஷின் மூச்சு விடுகிறது, அப்பா அதற்கு உடம்பைக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறார். பாத்துக்கிட்டே இருப்போம், வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அதைப் பற்றித்தான் அவள் நினைக்க வேண்டும். நினைக்கத்தான் பார்க்கிறாள். ஆனால் நினைப்பு அப்பாவிடம் போகிற வழியில் ரெடி ஃபோல்டரில் தடுக்கி விழுகிறது. கடைசியாகக் கை என்ன செய்தது? மவுஸை இழுத்தது. எங்கே இழுத்தது? இடது பக்கமா, மேலேயா? தினமும் இருபது தடவை செய்கிற காரியத்தை ஒரு தடவை மட்டும் தனியாகப் பிரித்து ஞாபகப்படுத்திக்கொள் என்றால் எந்த மனுஷிக்கு முடியும். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்ப்பவர்களைக் கண்டு சிரித்திருக்கிறாள். பூட்டுக்காவது திரும்பிப் போக வழி இருக்கிறது.

அருப்புக்கோட்டையில் அவள் வைத்திருப்பது ஃப்ளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அவள் கம்ப்யூட்டரில் பிறந்து மெஷினில் ஓடி, கடையில் வேலை பார்க்கும் திலகாக்கா கையால் ஓரம் மடித்து ஓட்டை போட்டுத் தெருவுக்குப் போகும். போகும் முன்பு ஒவ்வொன்றையும் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்ற வேண்டும், அதைப் பார்த்துத்தான் வெளியூர் ஆர்டர் வருகிறது. ஒவ்வொரு படமாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதிப் பொழுதே போய்விடுகிறது என்று போன வருஷம் ஒரு வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இதைச் செய்து வைத்தாள். கம்ப்யூட்டரில், நெட்டோடு சேர்ந்த டிரைவில், ரெடி என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒரு படம் விழுந்தால் போதும், அதுவாகப் போய்ப் பக்கத்தில் ஏறிக்கொள்ளும். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். ஃபைலுக்கு என்ன பேரோ அதுவே தலைப்பு. அதற்குக் கீழே இரண்டு வரி எப்போதும் ஒட்டிக்கொண்டு போகும். அனைத்து விசேஷங்களுக்கும் மல்டிகலர் ஃப்ளெக்ஸ், குறைந்த விலை, உடனடி டெலிவரி என்று கடை நம்பரும், பக்கத்தில் ஒரு ரோஜாப்பூவும். செத்தவர் படத்துக்குக் கீழேயும் அதே ரோஜாப்பூதான். அனைத்து விசேஷங்களும் என்றால் அதுவும் அடக்கம்தானே என்று அப்போது திலகாக்காவிடம் சொல்லிச் சிரித்தாள். இப்போது அந்த ரோஜாப்பூ கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அம்மா கூடையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரித்து, பாதியை அவள் கையில் வைத்தாள். "தின்னு. காலைல இருந்து ஒண்ணும் திங்கல." தின்றாள். புளிப்பா இனிப்பா தெரியவில்லை. விதையை எங்கே துப்புவது என்று தெரியாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள்.

காலையில் கடையில் செய்ததை யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. சித்தப்பா சொன்னார், மாமா சொன்னார் என்று யார் மேலாவது போடலாம் என்றால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனது குளித்துத் துணி மாற்றிக்கொண்டு, நாளைக்குக் கொடுக்க வேண்டிய கல்யாண பேனரை முடித்துத் திலகாக்காவுக்கு வைத்துவிட்டு வருவதற்கு. மாதாந்திரப் பராமரிப்புக்காகச் சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது என்று அறிவித்திருந்தார்கள். கல்யாண பேனர் சீக்கிரம் முடிந்துவிட்டது. கரண்ட் போகக் கொஞ்சம் நேரம் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. இந்தத் தொழிலில் அவள் பார்க்காத சாவு வீடா. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவார்கள், கையில் ஒரு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருக்கும், இதுலேருந்து எடுக்க முடியுமாக்கா என்பார்கள். பாதி மூடிய கண், மேலே அரசு முத்திரை. அதை வைத்து அவசர அவசரமாக எதையோ செய்து கொடுத்தால், தெரு முக்கில் ஒரு வாரம் யாரோ ஒரு ஆள் தொங்குவார். ஒரு நல்ல படம் எடுத்து வைக்க மாட்டீங்களா என்று அவளே எத்தனை பேரைக் கடிந்திருக்கிறாள். தன் அப்பாவுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது. நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆசையில் செய்தது. ஆசை என்றா சொல்வது இதை? உசுரோடு இருக்கும் மனுஷனுக்கு மாலை போடுவதற்கு வேறு என்ன பேர் இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனால் அவளுக்கு அது ஆசையாகத்தான் இருந்தது.

அப்பாவுக்குப் படமே கிடையாது. மினி பஸ் ஓட்டியவர், லைசென்ஸுக்கு நின்றதைத் தவிர வேறு போட்டோவுக்கு நின்றதில்லை. போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும் என்பார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் கேமராவைக் கண்டால் பந்தி பரிமாறப் போய்விடுவார். கடைக்கு வந்தாலும் உள்ளே வர மாட்டார். வெளியே ஸ்டூலைப் போட்டு ரோட்டைப் பார்த்து உட்காருவார். "ஊர்ல யாரு போனாலும் ஒனக்குத்தான்டி மொதல்ல தெரியுது. எனக்குப் போடும்போது வெள்ளையாக்கிராத. நான் யாருன்னு சனங்களுக்குத் தெரியணும்ல." ஃப்ளெக்ஸில் எல்லோரையும் இரண்டு பங்கு வெளுப்பாக்குவது கடை வழக்கம், ஆக்காவிட்டால் சண்டைக்கு வருவார்கள். காலையில் அப்பா நிறத்தில் அவள் கை வைக்கவில்லை. அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறாள். இருந்த ஒரே ஒரு படம் சித்தப்பா மகள் லதா கல்யாணத்தில் எடுத்தது. சங்கரேஸ்வரி புருஷன் வீட்டிலிருந்து மூன்றே மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்த பிறகு தலைகாட்டிய முதல் விசேஷம் அது. மண்டபத்தில் ஒவ்வொரு வாயும் அவளைப் பார்த்ததும் மூடிக்கொண்டு, அவள் தாண்டியதும் திறந்தது. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றவளை அப்பா தேடி வந்து, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போனார். இம்புட்டுக் கூட்டமும் பார்க்க, மாப்பிள்ளை பெண்ணுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி, அவள் தோளில் கையைப் போட்டு, போட்டோகிராபரைப் பார்த்து, எடுப்பா என்றார். தலை கொஞ்சம் அவள் பக்கமாகச் சாய்ந்திருக்கும். அன்றைக்கு அந்தக் கையின் கனம் இருக்கிறதே, வீட்டுக்கு வந்தும் தோளை விட்டு இறங்கவில்லை. அந்தப் படத்திலிருந்துதான் காலையில் அப்பாவை எடுத்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில் போனார்கள். பிறகு அவள். தன் முகத்தைத் தானே சுற்றிக் கோடு போட்டு, ஒரு தட்டு, இல்லை. தோளில் கிடந்த கை அந்தரத்தில் நின்றது. கையோடு சட்டையையும் அழித்துவிட்டு, கடையில் எல்லோருக்கும் வைக்கிற வெள்ளைச் சட்டை உடம்பை வைத்தாள். ஊரில் பாதிப் பேர் அந்த ஒரே உடம்பில்தான் போயிருக்கிறார்கள். கழுத்தை மட்டும் நிமிர்த்திப் பார்த்தாள். நிமிர்த்தினால் அப்பா மாதிரி இல்லை. சாய்ந்தபடியே விட்டுவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். பின்னால் மேகமும் கீழே விளக்கும் வைத்து, தோற்றம் என்று போட்டுப் பிறந்த தேதியைப் போட்டாள். மறைவு என்ற இடம் காலியாக இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கவில்லை, கண்ணுக்கு ஒரு பக்கம் இழுத்தது. அளவு பார்ப்பதற்குக் கடையில் எப்போதும் அன்றைய தேதியை அடித்து வைப்பார்கள், பிறகு மாற்றிக்கொள்வார்கள். அடித்தாள். இன்றைய தேதி. அடித்து முடித்து, தள்ளி உட்கார்ந்து, நன்றாக இருக்கிறதா என்று பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது, அவள் செய்ததிலேயே நன்றாக வந்த அஞ்சலி அதுதான், அப்படி நினைத்த நிமிஷத்தில் தன்னைத் தானே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது. ஃபைலுக்குப் பேர் கேட்டது. மற்றவர்களுக்கு என்றால் ஆள் பேர், ஊர், விசேஷம் என்று அடிப்பாள். இருளப்பசாமி என்று அவர் பேரை அடிக்கக் கை வரவில்லை. அப்பா என்று அடித்தாள். சேவ் கொடுத்தாள். கரண்ட் போயிற்று. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது, நெட் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது, அவள் பதறிப்போய் எல்லாவற்றையும் மூடிவிட்டு, சாவியைத் திலகாக்கா வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். திருமங்கலம் தாண்டும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. சேவ் கொடுத்தது எங்கே? சேவ் என்றாலே அவள் கை போகும் இடம் ரெடி ஃபோல்டர். அங்கேதான் போட்டிருக்கிறாள் என்றால், நெட் இல்லாததால் அது இன்னும் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கிறது. கரண்ட் வந்து, திலகாக்கா கல்யாண பேனரை ஓட்டக் கம்ப்யூட்டரைப் போட்டதும் அது தன்னால் கிளம்பிப் போகும். அப்பா. அனைத்து விசேஷங்களுக்கும் மல்டிகலர் ஃப்ளெக்ஸ். ரோஜாப்பூ.

ஒரு போன் போட்டால் முடிகிற விஷயம்தான். அக்கா, ரெடி ஃபோல்டர்ல ஒரு ஃபைல் இருக்கு, அத மட்டும் தூக்கிருங்க. என்ன ஃபைலு சங்கரி? அது வந்து. அது வந்துக்கு அப்புறம் வார்த்தை இல்லை. கம்ப்யூட்டரையே போடாதீங்கக்கா என்றால், நாளைக்குக் கல்யாணம் வச்சிருக்காங்களே, பேனரு? என்று கேட்பாள். அப்பா பேர்ல இருக்கிற ஃபைலத் திறக்காம அழிச்சிருங்க என்றால், திறந்து பார்க்காமல் அழிக்கிற ஆள் உலகத்தில் யார் இருக்கிறார்கள். திலகாக்கா நல்லவள், யாரிடமும் சொல்ல மாட்டாள், ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்குமே. ஒவ்வொரு நாளும் கடையில் எதிரே நின்று ஓரம் மடிக்கும்போதும் தெரிந்திருக்குமே, இவள் அப்பன் மூச்சோடு இருக்கும்போதே தேதி போட்டவள் என்று. படம் தன்னால் ஏறுகிற அந்த ஏற்பாட்டைத் தன் போனிலிருந்தே நிறுத்தப் பார்த்தாள். பாஸ்வேர்டு கேட்டது. கம்ப்யூட்டர்தான் அதை ஞாபகம் வைத்திருக்கிறது, அவள் வைத்திருக்கவில்லை. தப்புத் தப்பாக அடித்ததில் பூட்டிக்கொண்டது. இது எல்லாவற்றையும்விட மாரீஸ்வரனை நினைக்கத்தான் பயமாக இருந்தது. கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருக்கிற தம்பி. கடைப் பக்கத்தில் எது வந்தாலும் முதல் லைக் அவனுடையது, சாவாக இருந்தாலும் லைக்தான், அக்காவுக்கு வியாபாரம் நடக்கிறது என்ற சந்தோஷம் அவனுக்கு. நாலு நாளாக லீவு கேட்டுப் பார்க்கிறான். சீரியஸ் என்றெல்லாம் லீவு கிடையாதாம், இறந்தால்தான் தருவார்களாம். நேற்று அழுதான். அவன் அதைப் பார்ப்பான். அங்கே எந்த மொட்டை மாடியில் நின்று எந்த மெஷினைக் கழற்றிக்கொண்டிருக்கிறானோ, அந்த உயரத்தில் நின்று பார்ப்பான். "என்னத்தடி போன நோண்டிக்கிட்டே இருக்க?" என்றாள் அம்மா. "ஒண்ணுமில்லம்மா." "மாரீசு பேசுனானா?" "இல்லம்மா." கையில் இருந்த விதைகள் வியர்த்து ஒட்டியிருந்தன.

சாயங்காலம் ஒருத்தர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்கள். நீ போ, என்னால முடியல என்று அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பச்சைக் கவுனை மாட்டிக்கொண்டு சங்கரேஸ்வரி போனாள். உள்ளே குளிர். அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கண் படத்துக்கு அளவெடுத்தது, எடுத்தது தெரிந்து கூசிப்போனாள். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று அவருடைய வலது கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். கியர் போட்டுக் காய்த்த கை. காலையில் ஒரு தட்டில் அழித்த கை. புறங்கையில் ஊசி குத்திக் குத்தி நீலம் பாரித்திருந்தது, மற்றபடி முழுசாக அங்கேயே கிடந்தது. "பேசுங்கக்கா, அவங்களுக்குக் கேக்கும்" என்றாள் நர்ஸ். அப்பா என்று கூப்பிட வாயெடுத்தாள். அந்தச் சொல்லுக்குக் கீழே இரண்டு வரியும் நம்பரும் ஓடி வந்து நின்றுகொண்டன. பேச்சு வந்த நாளிலிருந்து கூப்பிட்ட சொல், இன்றைக்கு ஒரு ஃபைல் பேராகி அவள் நாக்கில் நிற்கிறது. கூப்பிட முடியவில்லை. அந்தக் கையை மட்டும் தொட்டாள். சுடவும் இல்லை, குளிரவும் இல்லை. இன்றைக்குள் ஏதாவது ஆகிவிட்டால் அந்தத் தேதியை நான்தான் போட்டேன், டாக்டர் இல்லை, சாமி இல்லை, நான், அளவு சரியாக நிற்க வேண்டும் என்பதற்காகப் போட்டேன். இன்றைக்கு மட்டும் தாண்டிருங்கப்பா. இன்னொரு நாள், எந்த நாளானாலும் சரி, இன்றைக்கு வேண்டாம். இப்படி வேண்டிக்கொள்கிற பிள்ளை வேறு எங்காவது இருக்குமா என்று தெரியவில்லை. நேரமாச்சுக்கா என்றாள் நர்ஸ்.

வெளியே வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். அந்தக் கையைத் தொட்டு வந்த தைரியம் ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும். கைகழுவும் பேசின் பக்கம் ஒதுங்கிப் போன் போட்டாள். திலகாக்கா எடுத்தாள், பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "சங்கரி, கரண்டு அப்பவே வந்துருச்சு. சிஸ்டத்தப் போட்டுக் கல்யாண பேனர ஓட விட்டுட்டேன். முக்கால்வாசி வந்துருச்சு, கலரு நல்லாருக்கு. அய்யா எப்பிடி இருக்காரு? கண்ணு முழிச்சாரா?" அப்பவே வந்துருச்சு. அப்படியென்றால் போயிருக்கும், இல்லை, போட்டிருந்தால்தானே போகும், இப்போது சொன்னாலும் பிரயோஜனமில்லை, இல்லை, இப்போதாவது சொல்ல வேண்டும். "அப்பிடியேதான்க்கா இருக்காரு" என்றாள். "ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு. ஓரம் மடிச்சு வச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன், நீ இங்கிட்டு நெனைக்காத. வேறெதும் சொல்லணுமா?" "இல்லக்கா." வைத்துவிட்டாள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூடினாள், மறுபடி சொட்டியது. கடைப் பக்கத்தைத் திறந்தாள். சுற்றிச் சுற்றி வந்து, திறந்தது. அப்பா சாய்ந்த கழுத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம், விளக்கு, வெள்ளைச் சட்டை, தோற்றம், மறைவு. கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்துவிட்டிருந்தன. ஆழ்ந்த இரங்கல். ஓம் சாந்தி. எப்பொழுது எடுக்கிறார்கள் என்று ஒருத்தர். நல்ல மனிதர், என் டூவீலர் ரிப்பேரானபோது தன் பஸ்ஸில் ஏற்றி வந்தார் என்று இன்னொருத்தர். லைக் ஒன்று. மாரீஸ்வரன் லைக் போடவில்லை.

நாற்காலியில் அம்மாவின் பட்டன் போன் அலறியது. சங்கரேஸ்வரி ஓடி வருவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள். "மாரீசு. என்னடா. ஏன்டா இப்பிடி அழுவுற?" அம்மா எழுந்து நின்றாள், வரிசை முழுக்க ஆடியது. "யாருடா சொன்னா? எதுல போட்டுருக்கு?" அவள் பார்வை மெல்லத் திரும்பி மகள் மேல் வந்து நின்றது. "இல்லடா. இருக்காரு. ஏய், நான் சொல்றேன்ல, இருக்காருடா. இந்தா, இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்காரு, ஒங்கக்கா இப்பத்தான் பாத்துட்டு வந்தா. அழுவாத. எறங்கிக் கீழ வா மொதல்ல, எறங்கிட்டியா?" அந்தப் பக்கம் அவன் அழுவது போனுக்கு வெளியேயும் கேட்டது. அம்மா வரிசையை விட்டு நாலடி தள்ளிப் போனாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அந்தப் படம் ஒன் போன்ல இருக்கா? சரி. அத ஒங்க ஆபீசர்ட்ட கொண்டுபோயிக் காட்டு. காட்டி லீவ வாங்கிட்டு வந்து சேரு. உசுரு இருக்கையிலயே வந்து பாத்துக்க" என்றாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு கையை நீட்டினாள். "காட்டு." "அம்மா, அழிச்சிர்றேன்மா. தெரியாமப் போயிருச்சும்மா, அது தன்னால போற மாதிரி வச்சிருந்தேன், நான் சும்மா செஞ்சு வச்சேன்மா, நல்லா இருக்கணும்னு." "காட்டுடி." காட்டினாள். அம்மா போனைக் கையில் வாங்கி, கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. "தேதியெல்லாம் போட்டாச்சு" என்றாள் அம்மா, கோபமே இல்லாமல். இன்னும் பார்த்தாள். "சட்ட அவரோடது இல்ல." சங்கரேஸ்வரி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். "இது லதா கல்யாணத்துல எடுத்ததுல்ல. அன்னிக்கு ஒரு நாத்தான் கழுத்த இப்பிடிச் சாச்சு நின்னாரு." அம்மாவின் விரல் அப்பா முகத்துக்குப் பக்கத்தில், மேகமாக இருந்த இடத்தில் போய் நின்றது. அங்கேயே தடவியது.

"இங்கனதான நின்ன நீ? ஒன்னய எங்கடி?"